சொல்லின் தொழிலே அதன் வகை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில், குழாயருகே 'ஓபன் வால்வு' என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 'வால்வைத் திற' என்பது அதன் பொருளா, 'திறந்திருக்கும் வால்வு' என்பதா? முதற்பொருளில் 'ஓபன்' வினைச்சொல், இரண்டாவதில் பெயரடை. இதனைப் பிரித்தறியாத தொழிலாளி திறக்கக்கூடாததைத் திறந்துவிடக்கூடும். ஆங்கில இலக்கணம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று.

தமிழில் இக்குழப்பம் எழுவதில்லை. 'திற' ஏவல் வினை, 'திறந்த' பெயரெச்சம். 'அழகான' என்பது பெயரைத் தழுவும்; 'அழகாக' என்பது வினையைத் தழுவும். சொல்லின் ஈறே அதன் வகையைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலமோ பல சொற்களை உருவம் மாற்றாமலே வெவ்வேறு பணிகளுக்கு அனுப்புகிறது. 'ஃபாஸ்ட் ட்ரெயின்' என்பதில் 'ஃபாஸ்ட்' பெயரடை. 'ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் வினையடை. உண்ணாநோன்பைக் குறிக்கும்போது பெயர்ச்சொல்.

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். பள்ளி ஆங்கிலத்தில் எட்டு வகைகள். உரிச்சொல்லே பெயரடை என மாணவர் பலர் கருதிவிடுகின்றனர். அது பொருந்தாது. 'சால', 'தவ', 'நனி' போன்ற உரிச்சொற்கள் வினையோடும் சேரும். பெயரடை பெயரையே சாரும்.

'லி' என்று முடிவதெல்லாம் வினையடை என்பதும் பிழையே. 'ஃப்ரெண்ட்லி', 'காஸ்ட்லி' இரண்டும் பெயரடைகள்.

அவ்வாறாயின் பெயரடையைக் கண்டறிவது எப்படி? 1965-இல் முதல் 'விஜயந்தா' பீரங்கி வண்டியை உருவாக்கிய ஆவடித் தொழிற்சாலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம்: 'ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரி'. 'ஹெவி' என்பதன்முன் 'வெரி' சேர்க்கலாம். 'ஹெவியர்' என ஒப்பிடலாம். அது பெயரடை. 'வெஹிகிள்ஸ்' என்பதை அவ்வாறு செய்ய இயலாது. அது தொழிற்சாலையின் வகையைச் சுட்டினும் பெயர்ச்சொல்லே. ஆயினும் இச்சோதனை எல்லா இடத்தும் செல்லாது. 'இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்' என்பதில் 'வெரி' இயல்பாகச் சேராது. எனினும் 'இண்டஸ்ட்ரியல்' பெயரடையே. ஆகவே சொல் நிற்கும் இடம், அது தழுவும் சொல், ஏற்கும் உருவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

பூந்தமல்லி, ஆவடிப் பகுதிகளில் தமிழ்வழியில் படித்த இளைஞர்கள், வேலைத்தேர்வின் ஆங்கிலத் தாளைக் கண்டு அஞ்சுவதற்கு அறிவுக்குறைவு காரணமன்று. வரையறையை மனனம் செய்வித்தோம். வாக்கியத்தில் சொல் செய்யும் தொழிலைக் காட்டவில்லை. பெயரெச்சமும் வினையெச்சமும் அறிந்த மாணவனுக்கு அவ்வறிவையே பாலமாக்கிக் கொடுத்தால், ஆங்கிலம் அச்சம் தரும் மொழியாக நீடிக்காது.