இலங்கைக்கு கப்பல் டூர்: கரையில் இறங்கும்போது என்ன டிரெஸ் போடலாம்?

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பிய 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்களைத் தொட்டது. இப்படி ஒரு டூருக்கு வத்தலக்குண்டிலிருந்து பெட்டி கட்டுறீங்களா? கொடைக்கானலுக்குப் போற மாதிரி ஸ்வெட்டரா அடுக்காதீங்க. கரையில் வெயிலும் புழுக்கமும்தான். காட்டன் போதும்.

கோயிலுக்குப் போனால்?
யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றணும். புத்த விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். செருப்பு, தொப்பி வெளியேதான். ஷார்ட்ஸோடு இறங்கினால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கப்பலுக்குப் போய் மாற்றிவர நேரம் இருக்காது.

டாட்டூ இருந்தால்?
புத்தர் உருவம் என்றால் முழுக்கைச் சட்டையால் மறைச்சிடுங்க. 2014-ல் கையில் புத்தர் டாட்டூ இருந்த பிரிட்டன் பெண்ணை இலங்கை திருப்பி அனுப்பியது.

கைப்பையில் என்ன இருக்கணும்?
போர்த்திக்கொள்ள ஒரு சுங்குடி துப்பட்டா, சுடும் கல்தரைக்கு சாக்ஸ், ஒரு குடை.