பெருமின்னோட்டத்தை அளத்தல்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது முன்னோர் வாக்கு. அஃது மின்கல வண்டிகளுக்கும் பொருந்துவதாகும். ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய தெருக்களில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவர் பெற்றோலை விடுத்து மின்கலத்தை நாடுவாராயின், எஞ்சிய மின்னேற்றம் எவ்வளவென அறிதல் அவருக்கு இன்றியமையாதது. அறியாதவழி, வாடகைக்கு ஏறியவரோடு நடுவழியில் நிற்க நேரும்.

அழுத்தத்தை அளந்து இதனை அறியலாகாதோ எனின், ஆகாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்களில், மின்னேற்றம் முக்காற் பங்காயினும் காற் பங்காயினும் அழுத்தம் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆதலின், செல்லும் மின்னோட்டத்தை நேரத்தோடு பெருக்கிக் கூட்டுதலே வழி. 48 உவோற்று வண்டி 100 அம்பியரை இழுக்கும்போது 4,800 உவாற்று வலு செலவாகின்றது. இத்துணைப் பெரிய மின்னோட்டத்தை நுண்கருவியினூடு நேரே செலுத்தின் கருவி கருகிவிடும். இதற்கு மூன்று வழிகள் உள.

முதலாவது, பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் அறிந்த பக்கவழித்தடை. 0.0005 ஓம் தடையில் 100 அம்பியர் செல்லின் 0.05 உவோற்று தோன்றும், அதனையே அளக்கின்றோம். வெப்பமாக இழப்பது 5 உவாற்று மாத்திரமே. இத்தடை மங்கனின் என்னும் கலப்புலோகத்தாலானது. சூடேறினும் அதன் தடை ஏறத்தாழ மாறாது.

இரண்டாவது, 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹோல் கண்ட விளைவு. கம்பியைச் சூழும் காந்தப்புலத்தை உணரி அளக்கும், கம்பியைத் தொடவேண்டுவதில்லை. எனவே உயரழுத்த மோட்டார்க் கார்களுக்கு இது பாதுகாப்பானது. ஆயினும் சுழிநிலையில் 1 அம்பியர் பிழைப்பின், 10 மணி நேரத்தில் 10 அம்பியர்-மணி பிழையாகச் சேரும்.

மூன்றாவது மிக மலிவானது. வண்டியிலுள்ள செப்புக் கம்பியையே தடையாகக் கொள்வது. 35 சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய செப்புக் கம்பியில் 1 மீற்றர் நீளத்தின் தடை, மேற்கூறிய 0.0005 ஓமுக்கு மிக அண்மித்ததே! ஆனால் செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 25 பாகை சூடேறின் அளவு 10 சதவீதம் பிழைக்கும். கம்பியோடு சிறு வெப்ப உணரியொன்றைப் பிணைத்துத் திருத்திக்கொள்ளின் இக்குறை பெரிதும் நீங்கும்.

எவ்வழியைக் கொள்ளினும் சிறு பிழைகள் நாளடைவிற் பெருகும். ஆகவே முழுமையாக மின்னேற்றிய வேளைதோறும் கணக்கைப் புதிதாகத் தொடங்கல் வேண்டும். விலைமிக்க கருவி இன்மையால் அளவாது விடுதல் அறிவுடைமையன்று. கையிலுள்ள கம்பியின் இயல்பை அறிந்தோர்க்கு அக்கம்பியே கருவியாகும்.