ஆற்றங்கரையில் கட்டுச்சோறு: ருசியும் உண்டு, ஆபத்தும் உண்டு!

ஆடி மாதம் 18-ந் தேதி வந்துவிட்டால் காவிரிக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், திருவையாறு, பவானி கூடுதுறை, மேட்டூர் என்று எங்கு பார்த்தாலும் கூட்டம்! புதுமணத் தம்பதிகள் வருகிறார்கள். பெண்கள் காவிரித் தாயை வணங்கி, மஞ்சள் கயிறு கட்டிக் கொள்கிறார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுத்து ஓடுகிறார்கள். பூஜை முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போகிறது. எங்கே? தூக்குச்சட்டிக்கு!

மூடியைத் திறந்தால் புளியோதரை மணக்கிறது. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக வருகின்றன. தொட்டுக் கொள்ள வடகம், அப்பளம், மாங்காய் ஊறுகாய். இந்தப் பல வகைச் சோற்றுக்குத்தான் சித்திரான்னம் என்று பெயர்.

ஆடிப் பெருக்கு மட்டும் அல்ல. தை மாதம் காணும் பொங்கல் அன்று சென்னை மெரினா கடற்கரையிலும், மாமல்லபுரத்திலும் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடுகிறார்கள். சித்ரா பௌர்ணமி இரவில் ஆற்று மணலில் உட்கார்ந்து நிலாச்சோறு உண்பதும் நெடுநாள் வழக்கம்.

வீட்டில் இல்லாத ருசி!

அதே அரிசி, அதே புளி, சமைப்பதும் அதே அம்மா. ஆனால் வீட்டில் "போதும், போதும்" என்று எழுந்துவிடும் பிள்ளை, ஆற்றங்கரையில் "இன்னும் கொஞ்சம்" என்று இலையை நீட்டுகிறான். காரணம் என்ன?

முதல் காரணம் பசி. நடந்தும், ஓடியும், நீரில் ஆடியும் வந்த வயிற்றுக்கு எல்லாமே அமிர்தம். இரண்டாவது காரணம் கூட்டம். பாட்டி உருண்டை பிடித்துக் கையில் வைக்க, சுற்றி உட்கார்ந்த பேரப் பிள்ளைகள் முறை வைத்து வாங்கிச் சாப்பிடும்போது, ஒரு உருண்டை அதிகமாகவே உள்ளே போகிறது.

கிராமத்துப் பிள்ளைகளின் கூட்டாஞ்சோறு இன்னும் வேடிக்கையானது. ஒருத்தி ஒரு பிடி அரிசி கொண்டு வருவாள். ஒருவன் பருப்பு கொண்டு வருவான். இன்னொருவன் கத்தரிக்காய், வேறொருத்தி முருங்கைக் கீரை. மரத்தடியில் மூன்று கல் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் தீர்ந்தது! இதில் பணக்கார வீட்டு அரிசி எது, ஏழை வீட்டு அரிசி எது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. கூடி உண்பதில் உள்ள பெரிய நன்மையே இதுதான்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பானை என்றால், பானையில் ஏற்பட்ட கேடும் எல்லோருக்கும்தான்! ஒருவர் செய்யும் தவறு, உட்கார்ந்த அத்தனை பேரையும் படுக்க வைத்துவிடும்.

சோற்றில் ஒளிந்திருக்கும் எதிரி

மீனும் கறியும்தான் கெடும், வெறும் சோறு என்ன செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி ஒன்று உண்டு. அது நெல்லோடு சேர்ந்து அரிசிக்கும் வருகிறது. சோறு வேகும்போது இந்தக் கிருமி சாகும். ஆனால் அதன் வித்து சாகாது. கொதிக்கும் நீரையும் தாங்கிக் கொண்டு அப்படியே கிடக்கும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால், அந்த வித்து முளைக்கும். கிருமி பெருகும். நஞ்சைக் கக்கும்.

இந்த நஞ்சுக்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. சோறு ஊசிப் போன நாற்றம் வருவதற்கு முன்பே நஞ்சு ஊறியிருக்கக் கூடும். மறுபடி சூடு செய்தாலும் இது போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும்.

அடுத்த ஆபத்து நம் கையிலேயே இருக்கிறது. கையில் சீழ் பிடித்த புண்ணோடு சோறு பிசைந்தாலும், மூக்கைத் துடைத்த கையால் உருண்டை பிடித்தாலும், அங்கிருக்கும் கிருமி சோற்றில் இறங்கி, அதுவும் நஞ்சை உண்டாக்கும். ஆகவே விரலில் காயம் உள்ளவர் சோறு பிசையக் கூடாது. மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிசைய வேண்டும். ஆற்று நீரில் கையை நனைப்பது கழுவியது ஆகாது.

கடிகாரம் சொல்லும் கணக்கு

ஒரு குடும்பம் ஆற்றங்கரைக்குப் புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். விடியற்காலை 4 மணிக்குச் சமையல். 5 மணிக்குச் சுடச்சுடப் பாத்திரத்தில் அடைத்தாயிற்று. 7 மணிக்குப் பஸ். 9 மணிக்கு ஆற்றங்கரை. குளியல், பூஜை, விளையாட்டு எல்லாம் முடிந்து இலை போடும்போது மணி ஒன்றரை. கணக்குப் பார்த்தால் சோறு மூடிக்குள் இருந்தது எட்டரை மணி நேரம்!

சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரமே என்பது உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் விதி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குப் பிடித்தமானது. நம் ஊர் வெயிலும், மூடிய பாத்திரமும் சரியாக அந்தச் சூட்டைத்தான் தருகின்றன.

"கட்டிக் கொடுத்த சோறும், சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று பழமொழி கேட்கிறது. சோற்றைப் பொறுத்தவரை நாள் கணக்கே கூடாது. மணிக் கணக்குத்தான்!

பாட்டிமார் கண்ட வழி

அப்படியானால் நம் முன்னோர் எப்படிக் கட்டுச்சோறு கொண்டு போனார்கள்? அவர்கள் தேர்ந்தெடுத்த சோற்று வகையைப் பார்த்தால் விடை தெரியும். புளி, எலுமிச்சை, தயிர் என்று பெரும்பாலும் புளிப்பு!

புளிப்பு கிருமியின் வளர்ச்சியை அடக்கும். உப்பும் அதற்குத் துணை. ஆகவே புளிக்காய்ச்சலை நன்றாகச் சுண்ட வைத்து, நல்லெண்ணெய் மிதக்க எடுக்க வேண்டும். சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு ஆற வைத்து, அதன் பிறகு கலக்க வேண்டும். புளியைக் குறைத்தால் ருசி மட்டும் அல்ல, காவலும் குறையும்.

தயிர் சாதத்துக்கும் ஒரு யுக்தி உண்டு. சோற்றைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக ஆறியதும், காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைவார்கள். வழியிலேயே பால் தயிராக உறைந்து, மதியம் பக்குவமாக இருக்கும்.

சுடச்சுட அடைப்பதுதான் பெரிய தவறு. மூடிக்குள் நீர் வியர்த்துச் சோற்றில் சொட்டும். சூடும் நெடுநேரம் தங்கும். ஆற வைத்துக் கட்டுவதே சரி. பனிக்கட்டி வைக்கும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

தேங்காய் சாதமும், தேங்காய்ச் சட்னியும் முதலில் கெடும். அவற்றைக் கொண்டு போனால் முதலில் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். கறி, முட்டை, மீன் வகைகளை அங்கேயே சமைத்துச் சூடாக உண்ணலாம். இல்லாவிட்டால் வீட்டோடு விட்டுவிடுவதே நல்லது.

மிச்சச் சோறு வேண்டாம்!

உண்மையான ஆபத்து பல சமயம் ஆற்றங்கரையில் வருவதில்லை. வீடு திரும்பிய பிறகு வருகிறது.

"பாவம், அத்தை வரவில்லையே!" என்று மிச்சம் இருப்பதைப் பத்திரமாக எடுத்து வருகிறார்கள். இரவு 8 மணிக்கு வயதான அத்தை அதைச் சாப்பிடுகிறார். நள்ளிரவில் வாந்தி! அன்போடு கொடுத்த சோறே வினையாகிறது. வீட்டில் இருப்பவருக்குப் பங்கு வேண்டும் என்றால், சமைத்தவுடனே தனியாக எடுத்து வைத்து, மதியமே சாப்பிடச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தாய் வீட்டார் பல வகைக் கட்டுச்சோறு கொண்டு வரும் வழக்கம் பல மாவட்டங்களில் இருக்கிறது. அங்கே கவனம் இரு மடங்கு வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர் ஆகியோரைத்தான் கெட்ட உணவு கடுமையாகத் தாக்கும்.

தண்ணீரும் குரங்கும்

ஆற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது. காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு போவது நல்லது.

ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு அடி எடுத்து வைத்தால் முழங்கால் நீர். அடுத்த அடியில் பள்ளம்! அணையிலிருந்து நீர் திறந்தால் ஆற்றின் மட்டம் விறுவிறு என்று ஏறும். குளிக்கத் தடை என்று பலகை இருந்தால், அது விளையாட்டுக்கு அல்ல. இலை போடும் நேரத்தில்தான் பெரியவர்கள் கவனம் சிதறுகிறது. அப்போது பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக் கரையில் உட்கார வைக்க ஒருவர் வேண்டும்.

குற்றாலம் போன்ற இடங்களில் அழையாத விருந்தாளியாகக் குரங்கு வரும். பரிதாபப்பட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தால், பத்துக் குரங்குகள் பையைப் பிடுங்கும். பயமுறுத்தினால் கடிக்கும். கடித்தாலோ, நகத்தால் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பிட்ட இலையைத் தொட்டியில் போட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், குவளைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழை இலை இருக்கும்போது பிளாஸ்டிக் தட்டு எதற்கு?

வயிறு கெட்டுவிட்டால்?

வாந்தியும் பேதியும் வந்தால் உடம்பில் நீர் வற்றும். அதுவே உயிருக்கு ஆபத்து. மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்துக் கொடுக்கலாம். அது கிடைக்காவிட்டால், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும், அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து துவளுதல் ஆகியவை கண்டால் தாமதிக்கக் கூடாது. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

இவ்வளவு தொல்லையா, பேசாமல் வீட்டிலேயே சாப்பிடலாமே என்று யாரும் எண்ண வேண்டாம். பக்கத்து ஜமக்காளத்தில் இருப்பவர்கள் ஊரும் பேரும் தெரியாதவர்கள். அவர்கள் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை நீட்டுகிறார்கள். இவர்கள் ஒரு உருண்டை புளியோதரையைக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு குடும்பங்கள் உறவாகி விடுகின்றன! இந்த இன்பத்தை இழக்கலாமா?

கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி போதும். "இந்தச் சோற்றை இந்த நேரத்தில் என் குழந்தைக்குக் கொடுப்பேனா?" கொடுப்பேன் என்று மனம் சொன்னால், தயங்காமல் ஊருக்கே கொடுக்கலாம்!