பழைய றைபிளும் பொருந்தும் குண்டும்

1907ஆம் ஆண்டிலே, இமயமலைச் சாரலிலுள்ள குமாவோன் நாட்டில், சம்பாவத் என்னும் ஊரின் அருகே பெண்புலி ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக அப்புலி கொன்ற மனிதரின் தொகை 436 எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அதனைச் சுட்டவர் ஜிம் கோர்பெட். இறந்து கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க்கோரைப்பல்லோ எலும்புவரை சிதைந்து போயிருந்தது. முன்னொரு நாள் எவரோ சுட்ட குண்டு விளைத்த ஊனம் அது. தன் இயல்பான இரையைப் பற்றிக் கொல்லும் ஆற்றலை இழந்த விலங்கு, எளிதில் அகப்படும் மனிதரை நாடத் தலைப்பட்டது.

குண்டு பட்டது, ஆனால் கொல்லவில்லை. சுட்டவன் தன் வழியே சென்றுவிட்டான். அதற்கான விலையைச் செலுத்தியவர்களோ, விறகு பொறுக்கவும் தழை ஒடிக்கவும் காட்டுக்குச் சென்ற ஏழை மக்கள். குறி தவறினாலும், குண்டு பொருந்தாவிடினும், முடிவு ஒன்றே. குறிபார்த்தல் பயிற்சியால் வருவது. குண்டைத் தெரிதலோ அறிவால் வருவது. அவ்வறிவு பழைய துப்பாக்கியைக் கையாள்பவர்க்கு இருமடங்கு வேண்டும். அது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெயர் வேறு, அளவு வேறு

சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக, ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெட், கோர்பெட்டுக்கு ஒரு றைபிளைப் பரிசளித்தார். இலண்டன் றிக்பி நிறுவனம் செய்த .275 றைபிள் அது. 1926இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை வீழ்த்தியதும் அதுவே. 2015இல் அது செய்த நிறுவனத்திடமே மீண்டும் சென்று சேர்ந்தது.

.275 என்ற பெயரைக் கண்டு, குண்டின் குறுக்களவும் .275 அங்குலம் என்று எண்ணிவிடலாகாது. றைபிளின் குழலினுள்ளே திருகுசுற்றாகச் சால்கள் வெட்டப்பட்டிருக்கும். சால்களுக்கு இடைப்பட்ட மேடுகளின் அளவே இங்கே பெயராயிற்று. சால்களை நிரப்பவேண்டிய குண்டின் அளவோ.284 அங்குலம். அவ்வாறே .303 என வழங்கும் பிரித்தானிய றைபிளின் குண்டு ஏறத்தாழ .311 அங்குலமாகும்.

இவ்வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய் அன்று. ஜேர்மனியர் 1888இல் அமைத்த 8 மில்லிமீற்றர் றைபிளின் குண்டு .318 அங்குலம். 1905இல் அவர்கள் அதனை .323 ஆக மாற்றினர். ‘8 மில்லிமீற்றர் மௌசர்’ என்ற பெயர் மட்டும் இரண்டுக்கும் பொதுவாயிற்று. பழைய ஒடுங்கிய குழலிலே புதிய பருத்த குண்டைச் செலுத்தினால், உள்ளே அமுக்கம் எல்லை மீறும். துப்பாக்கி சிதறிச் சுடுபவரின் கண்ணையே பறிக்கவுங்கூடும். ஆகவே பெயரை நம்பாது குழலையே அளத்தல் முறை. எண்ணெயிட்ட குழலினுள் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைத் தட்டிச் செலுத்தி வெளியே எடுத்தால், சால்களின் அளவு அதிற் பதிந்திருக்கும். அதனை நுண்ணளவுக் கருவியால் அளந்து, துப்பாக்கியின் உறுதியையும் சோதித்து, தேர்ந்த கம்மியர் ஒருவர் சொல்லும்வரை அதனை வெடித்துப் பார்த்தலே தவறு.

பம்பரமும் குண்டும்

சால்களின் பயன் குண்டைச் சுழலச் செய்தல். சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தலை குனியாது செல்லும். குண்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு விரைந்து சுழலவேண்டும். பழைய 7 மில்லிமீற்றர் மௌசருக்கு முதலில் அமைந்தது 173 கிரெயின், அஃதாவது 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுடைய, நீண்ட மொட்டைமுனைக் குண்டு. அதற்கென்றே குழலின் சால் ஏறத்தாழ 8.7 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்றாக அமைக்கப்பட்டது. 1915இல் அமெரிக்காவில் தோன்றிய .250 சவேஜ் றைபிளிலோ 14 அங்குலத்துக்கே ஒரு சுற்று. 87 கிரெயின் எடையுள்ள குறுகிய குண்டுக்கு அது போதும். அதிலே நீண்ட, கனத்த குண்டை இட்டால் அது தள்ளாடிக் குறி தவறும்.

பார்வைக்குறிகளையும் மறத்தலாகாது. பழைய றைபிள்களின் குறிகள் குறித்த ஒரு குண்டின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்பத் தீட்டப்பட்டவை. குண்டு மாறினால் அது படும் இடமும் மாறும்.

வேகமும் விரிவும்

வேட்டைக்குரிய குண்டின் நுனியில் ஈயம் வெளித்தெரியும். உடலிற் பட்டதும் அது காளான்போல விரிந்து, உயிர்நிலையை உடனே சிதைக்கும். முழுவதும் உலோகக் கவசமிட்ட குண்டோ துளைத்துக்கொண்டு அப்பாற் போய்விடும். மான் ஓடி, எங்கோ ஒரு புதரில் நெடுநேரம் துடித்து இறக்கும். யானையின் மண்டையோட்டுக்கோ கவசக் குண்டே வேண்டும். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்பவர், பெரும்பாலானவற்றை இந்த .275 கவசக் குண்டாலேயே வீழ்த்தினார். செயலை நாம் போற்றவேண்டியதில்லை; விலங்குக்கேற்பக் குண்டு மாறும் என்ற பாடத்தை மட்டும் கொள்வோம்.

இங்கேதான் பழைய றைபிளுக்கு உரிய இடர்ப்பாடு எழுகின்றது. .284 அங்குலக் குண்டுகள் 1962இல் வந்த 7 மில்லிமீற்றர் றெமிங்டன் மக்னம் றைபிளுக்கும் பொதுவானவை. அதன் குண்டு விநாடிக்கு 3,000 அடிக்கு மேற்பட்ட வேகத்திற் பாயும். பழைய மௌசரின் கனத்த குண்டு ஏறத்தாழ 2,300 அடியே செல்லும். அவ்வேகத்துக்கென வலிதாகச் செய்த குண்டு இம்மெதுவான றைபிளில் விரியாமலே போகலாம். விலை மிகுந்தது என்பதால் மட்டும் ஒரு குண்டு சிறந்ததாகிவிடாது. தன் றைபிளின் வேகத்தில் விரிவதே சிறந்தது.

விரியும் குண்டுக்கு வேறொரு வரலாறும் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பிரித்தானியப் படைக்கென இத்தகைய குண்டுகள் செய்யப்பட்டன. 1899இல் ஹேக் நகரப் பிரகடனம் போரில் அவற்றைத் தடைசெய்தது. போரில் கொடுமை எனத் தள்ளப்பட்ட அதே குண்டு, வேட்டையில் விலங்கின் துயரைச் சுருக்கும் கருணையாகக் கொள்ளப்படுவது சிந்தனைக்குரியது.

ஈயமும் உணவும்

குண்டின் தீங்கு இரையோடு முடிவதுமில்லை. ஈயக்குண்டு விரியும்போது நுண்ணிய துகள்கள் காயத்துக்கு அப்பாலும் இறைச்சியிற் பரவுகின்றன. அவ்விறைச்சியை உண்ணும் வீடுகளிலே, குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் ஈயம் தனிக்கேடு விளைப்பது. காட்டில் விட்டெறியும் குடலை உண்ணும் பறவைகளும் மடிகின்றன. 1987இல் உலகில் 27 மட்டுமே எஞ்சியிருந்த கலிபோர்னியக் கொண்டோர் கழுகுக்கு ஈய நஞ்சே பெரும்பகையாயிற்று. அதனால் கலிபோர்னிய அரசு 2013இற் சட்டமியற்றி, 2019 யூலை முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றாக விலக்கியது.

மாற்றாக வந்தது செப்புக்குண்டு. செம்பு ஈயத்திலும் இலேசானது. ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளும். நீண்டால் மிகுந்த சுழற்சி வேண்டும். நீண்ட குண்டுக்கெனவே சாலிட்ட பழைய 7 மில்லிமீற்றர் மௌசர் இதற்கு இணங்கும். மெதுவாய்ச் சுழற்றும் பழைய குழல்களுக்கோ, எடை குறைந்த, குறுகிய செப்புக்குண்டே பொருந்தும்.

ஆகவே மாணவர்களே, பழைய கருவி பழுதான கருவி அன்று; அஃது ஓர் ஒழுங்குக்கு உட்பட்ட கருவி. குழலின் அளவு, சாலின் சுற்று, குண்டின் வேகம், விலங்கின் உடல், உண்பவரின் நலம் ஆகிய ஐந்தையும் ஆராய்ந்தபின்னரே தோட்டாவைத் தெரிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் ஐயமாயின், விசையில் விரல் வைக்காதிருத்தலே வேட்டைக்காரனின் முதற்கடமை. அக்கடமையை ஒருவன் மறந்தமையாலன்றோ சம்பாவத்திலே அத்தனை வீடுகள் இருண்டன!