நெல்லின் விலையும் அரசின் கொள்கையும்: 2021ஆம் ஆண்டுப் பசளைத் தடையை முன்வைத்துச் சில குறிப்புகள்

நிலைபேறான உற்பத்தி பற்றிய விவாதங்களில் மண், நீர், நஞ்சு ஆகியன பேசப்படும் அளவிற்கு விலை பேசப்படுவதில்லை. இதனால், இயற்கையைப் பேணுவதற்கான செலவை எந்த வர்க்கம் சுமக்கின்றது என்ற வினா மறைந்துபோகின்றது. 2021இல் இலங்கையில் நிகழ்ந்தவை அவ்வினாவை மீண்டும் முன்னிறுத்தின.

அவ்வாண்டு மே மாத வர்த்தமானி இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. நச்சற்ற உணவு காரணமாகக் கூறப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் உடனிருந்தது என்பதை மறத்தலாகாது. இரசாயனப் பசளையின் மிகைப் பாவனை மண்ணையும் நீரையும் கெடுப்பது மெய்யே. ஆயின் இன்று விதைக்கப்படும் உயர்விளைச்சல் நெல்லினங்கள் நைதரசனை வேண்டி நிற்பவை. இனங்களை மாற்றாது, சேதனப் பசளையைப் போதியளவு திரட்டாது, ஒரே போகத்தில் பசளையை மட்டும் அகற்றுவது கமக்காரனின் விளைச்சலைப் பணயம் வைப்பதாகும். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. நெற்செய்கையாளருக்கு 40 பில்லியன் ரூபா நட்டஈடு வழங்கும் தீர்மானம் 2022 சனவரியிலேயே வந்தது. உழவைப் போற்றிப் பாடும் மரபு நம்மிடம் நீண்டது. அப்பாடல்களில் உழவனின் கடன் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தடையை ஆதரித்த மேடைப்பேச்சுகளும் அம்மரபையே தொடர்ந்தன.

சங்கிலியின் மறுமுனையில் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. 2021 ஆகஸ்ட் இறுதியில் அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டன. செப்டெம்பர் தொடக்கத்தில் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோவுக்கு 98 ரூபா என விதிக்கப்பட்டது. அம்மாத இறுதியிலேயே அக்கட்டுப்பாடு கைவிடப்பட, ஆலை உரிமையாளர்கள் தாமே 115 ரூபா என அறிவித்தனர். விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் உண்மையில் எவரிடம் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அவ்வதிகாரத்தின் அடிப்படை களஞ்சியமும் கடனுமாகும். அறுவடை எங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிகின்றது. நெல் சந்தைப்படுத்தல் சபை 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதமுள்ள நெல்லையே உத்தரவாத விலைக்குக் கொள்வனவு செய்யும். உலர்த்தும் தளமோ சேமிக்கும் அறையோ அற்ற சிறு கமக்காரன், உழவு இயந்திரக் கூலியையும் பசளைக் கடனையும் உடன் தீர்க்கவேண்டியவனாய், ஈரநெல்லை வயலோரத்திலேயே வியாபாரிக்கு விற்கிறான். அந்நெல்லைத் தேக்கிவைக்க வல்ல பெரும் ஆலையே பின்னர் அரிசி எப்பொழுது, எவ்வளவு சந்தைக்கு வருவது என்பதைத் தீர்மானிக்கின்றது. இங்ஙனம் உத்தரவாத விலை, அதனை மிகத் தேவைப்படுவோருக்கு எட்டாததாகிவிடுகின்றது.

உத்தரவாத விலைத் திட்டம் 1940களிலேயே தோன்றியது. பிலிப் குணவர்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை உறவைத் தொட்டது. 1971இல் சட்டமூலம் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தல் சபை வணிக உறவைத் தொட்டது. 1970களின் அனுபவத்தை இலட்சியப்படுத்துதல் வேண்டா. கட்டுப்பாடுகளோடு கள்ளச்சந்தையும் தட்டுப்பாடும் வளர்ந்தன. எனினும் 1977இன் பின்னர் சந்தை திறக்கப்பட்டபோது, அரசு விட்டுச்சென்ற இடத்தைக் கூட்டுறவுகள் நிரப்பவில்லை. தனியார் ஆலை மூலதனமே நிரப்பியது. எனவே 2021இல் அரசு பசளையைத் தடுக்கும் வலிமை பெற்றிருந்தும், நெல்லைக் கொண்டு, குற்றி, விற்கும் வலிமையைப் போதியளவு பெற்றிருக்கவில்லை.

2022 சனவரியில் உத்தரவாத விலை 50 ரூபாவிலிருந்து 75 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2025 பெப்ரவரி 5ஆந் திகதி நாட்டு நெல்லுக்கு 120 ரூபா அறிவிக்கப்பட்டது. அன்று கிழக்கின் வயல்கள் சிலவற்றில் அறுவடை ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது.