ஒரு நாடு, ஒரு பீர், ஐந்து நாள்

ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்தில் பீர் குடிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று டாஸ்மாக், இல்லாவிட்டால் பாண்டிச்சேரி. டாஸ்மாக் பாரில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காரும் பேச்சுக்கே இடமில்லை. பாண்டிச்சேரியில் உட்காரலாம். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் கிடைப்பது, நம் ஊர்க் கடையில் பார்த்த அதே ரகங்கள்தான்.

அதனால் திருமண நாளுக்கோ, போனஸ் வந்த கையோடோ, பீரை மையமாக வைத்து வெளிநாட்டுக்கு ஒரு குட்டிப் பயணம் போகலாமா என்று யோசிக்கும் தம்பதிகள் உண்டு. பயணம் என்றதும் ஜெர்மனி, பெல்ஜியம், செக் என்று மூன்று நாட்டையும் ஒரே வாரத்தில் அடுக்கிவிடுவார்கள். பாதி நேரம் ரயிலில் போகும். மீதி நேரத்தில் எதைக் குடித்தோம் என்றே நினைவிருக்காது. கையில் ஐந்து நாள்தான் என்றால் ஒரே நாடு, அதிலும் ஒரே ஒரு பீர் போதும். அது பிறந்த ஊருக்குப் போய், அது ஏன் அந்த ஊரில் பிறந்தது என்று தெரிந்துகொண்டு நிதானமாகக் குடித்துவிட்டு வரலாம்.

இதற்குப் பொருத்தமான ஊர் செக் குடியரசின் பில்சன். தலைநகர் பிராகிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம்.

1838-ல் அந்த ஊர் மக்கள், கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னாலேயே கொட்டித் தீர்த்தார்கள். நல்ல பீர் வேண்டும் என்று ஊரே சேர்ந்து சொந்தமாக ஒரு ஆலையைக் கட்டியது. பவேரியாவிலிருந்து யோசப் கிரோல் என்ற வடிப்பாளரை வரவழைத்தது. 1842 அக்டோபர் 5 அன்று அவர் வடிக்கத் தொடங்கிய பீர், அதுவரை அங்கே வழக்கத்திலிருந்த இருண்ட, கலங்கல் பீர்களைப் போல் இல்லாமல் பொன்னிறத்தில் தெளிவாக இருந்தது. வெளிர் நிறத்தில் வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி), சாட்ஸ் பகுதியின் மணமான ஹாப்ஸ் பூக்கள், குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட் ஆகியவற்றோடு பில்சனின் தண்ணீரும் சேர்ந்ததன் பலன் அது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் ஊரில் போர் தண்ணீரோடு மல்லுக்கட்டும் எல்லா வீட்டுக்கும் தெரியும். பில்சன் தண்ணீரோ தாது உப்பு மிகக் குறைந்த மென்மையான நீர். ஹாப்ஸின் கசப்பு நாக்கைக் கீறாமல் இதமாக இறங்குவதற்கு அதுவே காரணம். கிங்ஃபிஷர் உட்பட இன்று நாம் பார்க்கும் பொன்னிற லாகர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இன்று பில்ஸ்னர் உர்குவெல் என்ற பெயரில் இருக்கும் அந்த ஆலையைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. நிலத்தடிச் சுரங்க அறைகள் குளிரும், கையில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். சுற்றுலாவின் கடைசியில், வடிகட்டாத பீரை ஓக் பீப்பாயிலிருந்து நேரடியாகப் பிடித்துத் தருவார்கள். அந்தச் சுவை பாட்டிலில் கிடைக்காது.

பிராகின் பீர்க் கடைகளில் ஊற்றும் முறையையே நின்று பார்க்கலாம். கண்ணாடிக் கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி ஈரத்தோடு எடுப்பார்கள். குழாயைத் திறந்ததும் முதலில் விழுவது ஈரமான, கெட்டி நுரை. குழாய் மூக்கை அந்த நுரைக்குள் அமிழ்த்தியபடி அடியில் பீரை நிரப்புவார்கள். மேலே மூன்று விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். நம் ஊரில் நுரை வந்தால் அளவில் குறைத்துவிட்டதாகச் சண்டை வரும். அங்கே நுரை இல்லாவிட்டால்தான் சண்டை வரும். பீரில் காற்று படாமல் காப்பது அந்த நுரைதான். முக்கால்வாசி பீர், நுரையே பெரும்பங்கு என்று வெவ்வேறு விதமாக ஊற்றித் தருவதும் உண்டு. ஒரே பீரை இருவரும் இரண்டு விதமாக வாங்கி மாற்றிச் சுவைத்துப் பார்க்கலாம். குடித்த கணக்கைப் பணியாளர் ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டு வைப்பார். போதும் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

செக் போக ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஊர் திரும்பும் தேதிக்கு மேலும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கும் குறைவாக இருக்கும்போது போய் நின்றால் காரியம் நடக்காது. வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகையைப் போட்டுக் காட்டுவதைவிட, மாதா மாதம் வரவு செலவு சீராக இருக்கும் கணக்குக்கே மதிப்பு அதிகம்.

அவ்வளவு தூரமும் செலவும் கட்டுப்படி ஆகாது என்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இலங்கை இருக்கிறது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். நுவரெலியாவில் 1849-லேயே சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பீர் வடித்தார். ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு எழுதிய பயணி அவரேதான். அந்த மரபில் வந்த லயன் நிறுவனத்தின் ஆலை இப்போது கொழும்புக்கு அருகே பியகமவில் இருக்கிறது. அதன் லயன் ஸ்டவுட், கருகும் அளவுக்கு வறுத்த மால்ட்டின் காபி, சாக்லேட் வாசனையோடு 8.8 சதவீத ஆல்கஹால் கொண்டது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் பாராட்டி எழுதியதால் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. கண்டியிலிருந்து மலை ரயிலில் நானு ஓயாவில் இறங்கி நுவரெலியா போகலாம். மழைக்காலத்தில் அந்தப் பாதை தடைபடும், ரயில் ஓடுகிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பகலில் தேயிலைத் தோட்டங்கள், சீதா எலிய கோயில். வழி கேட்கத் தமிழே போதும்.

ஆனால் இலங்கைக்கு டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பார்த்துவிட வேண்டும். மாதந்தோறும் பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. இன்னொன்றும் தம்பதிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று அங்கே 1979-ல் வந்த தடையை, 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீண்டும் கொண்டுவந்தார். நடப்பு விதி என்ன என்பதைத் தங்கப்போகும் ஹோட்டலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இருவர் போகும் பயணத்தில் கணக்கும் இருவருக்கும் ஒன்றாக இருக்காது. அரை லிட்டர் பில்ஸ்னர் உர்குவெலில் 4.4 சதவீத ஆல்கஹால், அதாவது 22 மில்லி. நம் ஊரில் 650 மில்லி பாட்டிலில் வரும் 8 சதவீத ஸ்ட்ராங் பீரில் 52 மில்லி. பெயர் ஒன்றுதான், சுமை இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், ஒரே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் அவருக்கே கூடுதலாக ஏறும். கணவருக்குச் சமமாக மனைவியும் கோப்பை கோப்பையாகக் குடிக்க வேண்டும் என்பது உடம்புக்கு ஒவ்வாத கணக்கு. “ஏங்க, எனக்கு ஒரு கிளாஸ் போதும்” என்று அவர் சொன்னால் அன்றைய திட்டம் அதன்படிதான் அமைய வேண்டும். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கருத்தரித்திருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்தாலோ பயணத்தைத் தள்ளிப்போடலாம். இல்லாவிட்டால் ஆல்கஹால் இல்லாத பீரோடு ஆலையை மட்டும் சுற்றிப் பார்க்கலாம்.

நாளுக்கு ஓர் இடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று, மாலையில் ஒன்று, நடுவில் நிறையத் தண்ணீர். இந்த அளவோடு போனால் ஐந்து நாளும் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்து ஊர் பார்க்க முடியும். வாடகைக் கார் எடுத்து ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். செக் நாட்டில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் துளி ஆல்கஹால்கூட இருக்கக் கூடாது என்பது சட்டம். பஸ், டிராம், ரயில் என்று திட்டமிட்டால் செலவும் குறையும்.

திரும்பும்போது வரி கட்டாமல் ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம், பீரும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஊருக்குள் வாங்கிய பாட்டில்களுக்கு, விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் பையில் பொதுவாக அனுமதி இல்லை. துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். பில்ஸ்னர் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சீக்கிரம் கெடும், ஹாப்ஸின் மணம் முதலில் போய்விடும். அதை அங்கேயே குடித்து முடிப்பது மேல். ஸ்டவுட் போன்ற கனமான, கருநிற ரகங்கள் தாங்கும். திண்டிவனத்து வெயிலுக்கு அவற்றையும் பழுப்பு பாட்டிலாகப் பார்த்து வாங்கி, வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது.