ஸ்டீமில் உங்க கேம் யார் கண்ணிலும் படலையா? முதல்ல படத்தைக் கவனிங்க!

ராத்திரி பகலா உழைச்சு ஒரு கேம் செய்றீங்க. 100 டாலர் கட்டி ஸ்டீம் தளத்தில் ஏத்துறீங்க. ஆனா, வாங்க வருபவர் முதலில் பார்ப்பது உங்க கேமை அல்ல. பட்டியலில் வரும் ஒரு சின்னப் படத்தைத்தான். அதற்குப் பெயர் 'கேப்சூல்'.

படத்தில் என்ன இருக்கணும்?

கேமின் பெயரும், ஒரே ஒரு வலுவான காட்சியும் போதும். படத்தைச் சின்னதாக்கிப் பாருங்க. பெயரை வாசிக்க முடியலைன்னா மாத்துங்க. திகிலா, பந்தயமா என்பது பார்த்ததுமே புரியணும்.

எது கூடாது?

விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதையும் கேப்சூலில் எழுதக் கூடாது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022 செப்டம்பர் 1 முதல் கொண்டுவந்த விதி இது.

விவரிப்பு எப்படி?

சுருக்க விவரிப்புக்கு சுமார் 300 எழுத்துகள்தான் இடம். 'முன்னொரு காலத்தில்...' என்று ஆரம்பித்தால் பாதி இடம் கதைக்கே போயிடும். ஆடுபவர் என்ன செய்வார் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்க: கட்டுவாரா, சுடுவாரா, துப்பறிவாரா?

ஸ்கிரீன்ஷாட்?

குறைந்தது 5 வேண்டும். எல்லாமே ஆட்டத்தில் எடுத்தவையா இருக்கணும். அழகைக் காட்டி ஏமாத்தினா நஷ்டம் உங்களுக்குத்தான்: 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியவர், வாங்கிய 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.